மூன்று புள்ளி ஆறு

2019 மே மாதம் ஸ்கூடாயில் எனக்குக் கடைசி செமஸ்டர். நோன்பு மாதமும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. என் அறைத்தோழன் பத்து பஹாட்டைச் சேர்ந்த மலாய்க்காரன். சாஹூருக்கு எழ வேண்டும் என்பதால் தூங்காமலே இருந்துவிடுவான். எனக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இருந்ததால் தூக்கம் எப்படியும் வராது. அப்படித்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து 'செர்னோபில்' பார்க்க ஆரம்பித்தோம். எச்.பி.ஓ.வின் தொடர். மொத்தம் ஐந்தே எபிசோட், வாரத்துக்கு ஒன்று. அவன் அதை எங்கிருந்து டவுன்லோட் செய்தான் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அதிகாலை நாலு மணிக்கு அவன் ரொட்டியும் அவித்த முட்டையும் ஒரு பெரிய கோப்பை மைலோவும் எடுத்துக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்காருவான். நோன்பு இல்லாத நானும் அவனோடு சேர்ந்து சாப்பிடுவேன். முதல் எபிசோடில் தீயணைப்பு வீரனின் மனைவி இரவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள். அவளுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, ரொம்ப தூரத்தில் ஒரு வெளிச்சம் எழும். சத்தமே இருக்காது. அதன் பிறகுதான் அதிர்வு வந்து ஜன்னலை உலுக்கும். என் நண்பன் ரொட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். வெடிப்பை இவ்வளவு சின்னதாகக் காட்டும் துணிச்சல் யாருக்கு வரும் என்று எனக்கும் தோன்றியது. எழுதிய கிரெய்க் மேசின் அதுவரை 'ஹேங்ஓவர்' இரண்டாம், மூன்றாம் பாகங்களுக்கும் 'ஸ்கேரி மூவி' வகைப் படங்களுக்கும் வசனம் எழுதிக்கொண்டிருந்தவர் என்று பிறகு படித்தபோது நம்பவே முடியவில்லை.

ஆனால் எங்களைப் பிடித்துக்கொண்டது அந்த வெளிச்சமல்ல, ஒரு எண். 3.6.

தொடரைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உலை வெடித்த பிறகு கதிர்வீச்சு எவ்வளவு என்று கட்டுப்பாட்டு அறையில் கேட்பார்கள். மணிக்கு 3.6 ராண்ட்ஜன் என்று பதில் வரும். துணைத் தலைமைப் பொறியாளர் தியாட்லோவ் அதைக் கேட்டு, பெரிய நல்ல செய்தியும் இல்லை, பயப்படும்படியும் இல்லை என்கிற மாதிரி ஒரு முகத்தோடு ஏற்றுக்கொள்வார். அந்த எண் அவரிடமிருந்து இயக்குநருக்குப் போகும். அங்கிருந்து நகரக் கமிட்டிக்கு, பிறகு மாஸ்கோவுக்கு. கேட்கும் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் மூச்சு திரும்பும். விஷயம் என்னவென்றால், அவர்கள் கையிலிருந்த கருவியின் மேல் எல்லையே அவ்வளவுதான். நொடிக்கு 0.001 ராண்ட்ஜன், அதை மணிக்கணக்குக்கு மாற்றினால் 3.6. முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றிருக்கிறது. அதற்கு மேல் நாலா நாலாயிரமா என்று அந்தக் கருவியால் சொல்ல முடியாது. பிறகு சரியான கருவியை லாரியில் கட்டிக்கொண்டு போய் அளக்கும்போது பதினைந்தாயிரம் என்று வரும்.

இன்ஸ்ட்ருமென்டேஷன் பாடத்தில் முதல் வாரமே சொல்லித்தரும் விஷயம் இது. முழு அளவில் நிற்கும் மீட்டரின் எண்ணை அளவு என்று எழுதக்கூடாது. 'அதற்கு மேல்' என்றுதான் எழுத வேண்டும். அதனால் அந்தக் காட்சி எங்கள் பீடம் முழுக்கப் பெரிய நகைச்சுவையாகிவிட்டது. உலகம் முழுக்கவும் அப்படித்தான், இணையமெங்கும் தியாட்லோவ் மீம்கள். கேன்டீன் சம்பல் எப்படி? மூன்று புள்ளி ஆறு. லெக்சரர் மூட் எப்படி? மூன்று புள்ளி ஆறு. சிஜிபிஏ எவ்வளவு என்று கேட்டால் நிஜமாகவே 3.6 வைத்திருந்த ஒருத்தன் அதைச் சொல்ல முடியாமல் தவித்தான். நானும் சிரித்தேன். தியாட்லோவாக நடித்த பால் ரிட்டரின் முகத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கராகவே வைத்திருந்தேன்.

நாலாவது எபிசோடில் கூரைக் காட்சி வந்தபோது சிரிப்பு நின்றது. உலைக்குள்ளிருந்து தூக்கி எறியப்பட்ட கிராஃபைட் துண்டுகளை மனிதர்களே மண்வெட்டியால் அள்ளி மீண்டும் அந்தக் குழிக்குள் தள்ள வேண்டும். ஒருவருக்கு 90 நொடிதான் அனுமதி. கேமரா ஒரே ஷாட்டில் ஒருவன் பின்னாலேயே ஓடுகிறது. மூச்சுச் சத்தமும் கருவியின் கிறீச்சும் மட்டும். அவன் கால் இடறும்போது நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஹில்டுர் குட்னாடோட்டிர் இந்தத் தொடரின் இசைக்காக லித்துவேனியாவில் மூடப்பட்ட இக்னாலினா அணுமின் நிலையத்துக்குள்ளேயே போய் அங்குள்ள ஒலிகளைப் பதிவு செய்திருக்கிறார். படப்பிடிப்பில் ஒரு பகுதியும் அங்கேதான். நாம் இசை என்று நினைத்துக் கேட்பது கதவும் குழாயும் பம்ப்பும்தான். இதைத் தெரிந்துகொண்டு இரண்டாவது தடவை பார்த்தபோது இன்னும் பயமாக இருந்தது.

கடைசி எபிசோடைத் தனியாகத்தான் பார்த்தேன். மறுநாள் ஹரி ராயா. அறைத்தோழன் ஊருக்குப் போய்விட்டான். ஹாஸ்டலில் எங்கள் மாடியில் நாலைந்து பேர்தான். லெகாசோவ் நீதிமன்றத்தில் சிவப்பு, நீல அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகி அந்த இரவை விளக்குகிறார். உலையின் வேகத்தைக் கூட்டுவது சிவப்பு, குறைப்பது நீலம். அவசரமாக நிறுத்துவதற்கான ஏ.இசட்-5 பொத்தானை அழுத்தினால் எல்லாத் தண்டுகளும் உள்ளே இறங்கும். ஆனால் அந்தத் தண்டுகளின் கீழ்ப்பகுதியில் கிராஃபைட். அது உள்ளே நுழையும் முதல் சில நொடிகள் உலையை அடக்குவதற்குப் பதிலாக உசுப்பிவிடுகிறது. அது அரசுக்குத் தெரிந்திருந்தது, இயக்குபவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இதைச் சொன்னால் தன் கதி என்னவாகும் என்று தெரிந்தே லெகாசோவ் எல்லார் முன்னாலும் சொல்கிறார். அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். 'எஞ்சினியர் என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று அறைத்தோழனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். 'செலமாட் ஹரி ராயா' என்று பதில் வந்தது.

2022-ல் எனக்கு 25 வயது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் எம் அண்ட் இ கான்ட்ராக்டரிடம் வேலை. பெயர் வேண்டாம். ஓர் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் பைப் போட்டு முடித்திருந்தோம். பைப்பில் தண்ணீர் நிரப்பி, டெஸ்ட் பம்ப் வைத்து 14 பாருக்கு ஏற்றி, இரண்டு மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். முள் இறங்கக்கூடாது. இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பம்ப் பக்கத்தில் நானும் ஒரு பங்களாதேஷ் ஃபிட்டரும் இருந்தோம். சைட்டில் அவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். முதல் ஒரு மணி நேரம் முள் அசையவில்லை. அதற்குப் பிறகு மெதுவாக இறங்கியது. 13.8, 13.5. இரண்டு மணி நேரம் முடிந்தபோது 13.2. இருவரும் டார்ச் அடித்துக்கொண்டு மாடி முழுக்க நடந்தோம். எதுவும் கண்ணில் படவில்லை. ஏற்கெனவே பாதி இடத்தில் சீலிங் போர்டு அடித்துவிட்டார்கள்.

மேனேஜருக்கு ஃபோன் போட்டேன். நம்ம ஆள்தான், நல்ல மனுஷன். என் முதல் மாதச் சம்பளம் தாமதமானபோது தன் பையிலிருந்து ஐந்நூறு வெள்ளி கொடுத்தவர்.

"தம்பி, அந்த கேஜ் பழசுப்பா. அது அப்படித்தான் காட்டும். 14-ன்னு எழுதிடு."

"அண்ணே, வேற கேஜ் போட்டு இன்னொரு தடவை பார்த்துட்டா..."

"நாளைக்குக் காலைல கன்சல்டன்ட் வரான். இன்னிக்கு நைட்டு சீலிங் மூடணும். எழுதிடுப்பா, ஒண்ணும் ஆகாது."

ஃபாரத்தில் நாலு கட்டங்கள். ஆரம்ப அழுத்தம் 14. முடிவு அழுத்தம் 14. நேரம் இரண்டு மணி. சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. பாய் தண்ணீரை இறக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "டெஸ்ட் ஓகே கா, எஞ்சினியர்?" என்று கேட்டார். முள்ளை அவரும் இரண்டு மணி நேரம் என்னோடு சேர்ந்து பார்த்திருந்தார். "ஓகே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஹோஸைச் சுருட்டினார்.

ஆறு வாரம் கழித்து சீலிங் ஊறி விழுந்தது. இரவில் விழுந்ததால் யாருக்கும் அடியில்லை. கார்பெட்டும் சில கம்ப்யூட்டர்களும் போயின. ஒரு கப்ளிங்குக்குள் ரப்பர் கேஸ்கெட் சரியாக உட்காமல் நசுங்கியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, கடைசியில் முழுதாக விட்டுவிட்டது.

சைட் ஆபீசில் மீட்டிங். என் ஃபாரத்தை மேஜை மேல் வைத்தார்கள். நான் எதிர்பார்த்தது வேறு. பொய்யை யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று இரவெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். அங்கே அது பொய் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அதை ஆதாரமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். டெஸ்ட் செய்த அன்று பைப் நன்றாக இருந்திருக்கிறது, இதோ பேப்பர். அப்படியென்றால் பிறகுதான் யாரோ கை வைத்துக் கெடுத்திருக்கிறார்கள். டெஸ்டுக்குப் பிறகு அந்த லைனில் ஒரு சப்போர்ட்டை மாற்றியது யார்? பாய். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவருக்கு அந்த மாதச் சம்பளத்தில் பாதியைப் பிடித்தார்கள். வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். அவர் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் ஃபோனில் ஏதோ மெசேஜ் வந்ததுபோல் குனிந்துகொண்டேன். எந்த மெசேஜும் வரவில்லை.

இதையெல்லாம் நான் செர்னோபிலோடு அப்போது இணைத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் விசித்திரம். அந்த ஸ்டிக்கர் என் ஃபோனில் அப்போதும் இருந்தது. அதே வாரம்கூட யாருக்கோ அனுப்பியிருப்பேன்.

போன வருடம் பள்ளி விடுமுறையில் தங்கச்சி செர்னோபில் பார்க்க வேண்டும் என்றாள். அவள் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள். அணு உலை பற்றி எதுவும் தெரியாது. நமக்குப் பிடித்த தொடரை வேறொருவர் முதல் தடவை பார்க்கும்போது நாம் திரையைப் பார்ப்பதில்லை, அவர்கள் முகத்தைத்தான் பார்ப்போம். நானும் அப்படித்தான் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் வெளிச்சம் வந்தபோது அவள் வாயைப் பொத்தினாள். எனக்கு சந்தோஷம். 3.6-க்கு அவள் சிரிக்கவில்லை. "மீட்டர் நிரம்பிடுச்சுன்னா மேல இருக்குன்னுதானே அர்த்தம்? இது கூடவா தெரியாது?" என்றாள். அதே எபிசோடில் இன்னும் பெரிய கருவியில் 200 வரை ஏறி அதுவும் முட்டி நிற்கும். உடனே அந்தக் கருவியே பழுது என்பார்கள். அந்த இடத்தில் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. கேஜ் பழசுப்பா.

கடைசி எபிசோடில் நான் முன்பு கவனித்தும் கவனிக்காமல் விட்ட ஓர் இடம் வந்தது. உலையைக் கட்டுப்படுத்தும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் லியோனிட் டோப்டுனோவ். வயது 25. அந்தப் பொறுப்புக்கு வந்து சில மாதங்கள்தான். கையில் சோதனைக்கான வழிமுறைத் தாள். அதில் பல வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. அடித்ததைச் செய்வதா, விடுவதா? ஷிஃப்ட் தலைவர் அகிமோவ் ஃபோன் போட்டுக் கேட்கிறார். அடிக்கப்பட்டதையும் செய் என்று பதில் வருகிறது. அப்படியானால் ஏன் அடித்தார்கள் என்று அந்தப் பையன் கேட்கிறான். யாரும் பதில் சொல்வதில்லை. இது கதைக்காகச் செய்த கற்பனை இல்லை. இப்படி ஓர் உரையாடல் நடந்ததாக நிஜ லெகாசோவ் தன் ஒலிப்பதிவுகளில் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சி கேட்டாள், "முடியாதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருக்கலாமே அண்ணே. அவன் ஏன் சொல்லல?"

ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்கட்டில் போய் நின்றேன். டோப்டுனோவ் ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவனுக்கு எதிரே நின்றவர் கத்தினார், மிரட்டினார். என்னிடம் யாரும் கத்தவில்லை. ஐந்நூறு வெள்ளி கடன் கொடுத்த ஒரு நல்ல மனுஷன் 'எழுதிடுப்பா' என்றார். அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்றிரவு தூக்கம் வராமல், ரசிகனாக இருந்த காலத்தில் படித்தவற்றை மறுபடி தேடிப் படித்தேன். தொடரில் லெகாசோவ் பேசுவதாகக் காட்டும் அந்த நீதிமன்ற உரை நடக்கவே இல்லை. 1987 ஜூலையில் நடந்த விசாரணையில் அவர் இருக்கவில்லை. இயக்குநர், தலைமைப் பொறியாளர், தியாட்லோவ் மூவருக்கும் பத்து வருடத் தண்டனை கிடைத்தது. 1986 ஆகஸ்டில் வியன்னாவில் உலக விஞ்ஞானிகள் முன்னால் லெகாசோவ் மணிக்கணக்கில் பேசியது நிஜம். ஆனால் அந்த உரை பெரும்பாலும் இயக்குபவர்கள் மேல்தான் பழியைப் போட்டது. உலையின் குறை மறைந்துகொண்டது. அதை வைத்து வந்த சர்வதேச அறிக்கையும் அதையே சொன்னது. 1992-ல்தான் இன்னோர் அறிக்கை அதைத் திருத்தி, தண்டுகளையும் உலையின் வடிவமைப்பையும் முக்கியக் காரணமாக முன்னே வைத்தது. டோப்டுனோவ் 1986 மே 14-ல் இறந்துவிட்டிருந்தான். வெடித்த பிறகும் அவனும் அகிமோவும் தண்ணீர் வால்வுகளைக் கையால் திறக்கப் போயிருக்கிறார்கள். உலை இன்னும் முழுதாக இருக்கிறது என்று நம்பி.

2019-ல் என்னைத் தேம்ப வைத்த காட்சி நடக்காத ஒன்று. இதை முன்பும் எங்கேயோ படித்திருக்கிறேன். அப்போது 'நாடகத்துக்காக மாற்றியிருக்கிறார்கள், பரவாயில்லை' என்று கடந்துபோனேன். இந்தத் தடவை கடக்க முடியவில்லை. எனக்கும் ஒரு நீதிமன்றக் காட்சி வரும், அப்போது எழுந்து நின்று பேசிக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் எங்கோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. எனக்கு வந்தது சைட் ஆபீசில் ஒரு பத்து நிமிட மீட்டிங். மேஜையில் கறிபஃப் இருந்தது. ஏர்கான் ஒழுகிக்கொண்டிருந்தது. அதுதான் அந்தக் காட்சி என்று யாரும் இசை போட்டுச் சொல்லவில்லை.

நல்ல தொடர்கள் நம்மைச் சரியான இடத்தில் அழவைக்கின்றன. அழுததும் நாம் சரியான பக்கத்தில் நிற்பதாக நமக்கே தோன்றிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் தோன்றியிருந்தது. லெகாசோவுக்காக அழுதவன் எப்படித் தியாட்லோவ் பக்கம் இருப்பான்? தொடரைக் குறை சொல்லவில்லை. அது தன் வேலையைச் செய்தது. நான்தான் அந்த அழுகையை ஒரு சான்றிதழ் மாதிரி எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த விஷயத்தை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னைத் திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"அந்த பாய் இப்ப எங்க?" என்றாள்.

என்னிடம் அவர் நம்பர் இருந்தது. அழைத்தேன். அந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லை என்று மலாயில் ஒரு பெண் குரல் சொன்னது. பழைய சைட்டின் சூப்பர்வைசர் ஒருவரைக் கேட்டேன். ஊருக்குப் போய்விட்டதாக ஒருத்தர் சொன்னாராம், ஜொகூரில் பார்த்ததாக இன்னொருத்தர் சொன்னாராம். பழைய மேனேஜருக்கும் ஃபோன் செய்து, அன்றைக்கு முள் 13.2-ல் இருந்தது, பாய் மேல் தப்பில்லை, அதை எழுத்தில் தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இப்ப எதுக்குப்பா அதெல்லாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அவருக்கும் ஞாபகம் இருந்தது என்று மட்டும் புரிந்தது. எழுதி அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை. பிடித்த சம்பளம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். கொடுக்க ஆள் கிடைக்கவில்லை.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். டெஸ்ட் எடுக்கும்போது பம்ப் பக்கத்தில் இரண்டு கேஜ் வைக்கிறேன். ஆரம்பத்திலும் முடிவிலும் முள்ளைப் படம் எடுத்து, நேரத்தோடு ஃபாரத்தில் இணைக்கிறேன். ஃபிட்டரின் பெயரையும் எழுதி அவரையும் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு லைன் 14-லிருந்து 13.6-க்கு இறங்கியது. 13.6 என்று எழுதினேன். ஹேண்ட் ஓவர் மூன்று நாள் தள்ளிப்போனது. எனக்கு ஒரு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, மூன்று நாள்தான்.

தங்கச்சி கடைசி எபிசோடின் மீதியைத் தனியாகப் பார்த்து முடித்துவிட்டாள். நீதிமன்றக் காட்சியில் அழுதாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். கடைசியில் நிஜ மனிதர்களின் புகைப்படங்கள் வரும் இடத்தில்தான் அழுகை வந்ததாம். ஃபோனிலிருந்து அந்த ஸ்டிக்கரை நான் இன்னும் அழிக்கவில்லை. யாருக்கும் அனுப்புவதும் இல்லை.